நிற்கும் காட்டுக்கு விலை இல்லை

செட்டிநாட்டுப் பக்கம் கல்யாணம், காதுகுத்து என்று போய்வரும் சொந்தக்காரர்கள் அங்குள்ள பெரிய வீடுகளின் தேக்குத் தூண்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புவது வழக்கம். ‘பாருங்கள், உங்கள் ஊர் மரம்’ என்று ஒரு வரியும் சேர்த்திருப்பார்கள். பர்மாவின் மோல்மீனில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தத் தூண்களைக் காணும்போது பெருமையைவிட ஒரு கேள்விதான் முதலில் எழுகிறது. இவ்வளவு மரம் ஒரு நாட்டிலிருந்து எப்படி வெளியேறியது, அதை வெளியேற்றியவர்கள் யார் யார் என்பதே அந்தக் கேள்வி. கோடரி பிடித்தவனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் பதில் கிடைக்காது. வெப்பமண்டலக் காடுகளின் அழிவைப் பற்றிப் பேசும்போது அமேசானையும் போர்னியோவையும் நோக்கிக் கையை நீட்டிவிடுகிறோம். அந்த அழிவில் பர்மாத் தமிழர்களாகிய நமக்கும் ஒரு பங்கு உண்டு. அதன் விளைவிலும் பங்கு உண்டு.

1826இல் முதல் ஆங்கில-பர்மியப் போர் முடிந்து தெனாசரிம் கரை ஆங்கிலேயர் கைக்கு வந்த பிறகு, மோல்மீன் மரம் ஏற்றுமதியாகும் துறைமுகமாகவும் கப்பல் கட்டும் ஊராகவும் வளர்ந்தது. உரிமம் பெற்ற வியாபாரிகள் அத்தரான் ஆற்றுப்படுகைக் காடுகளில் வயது முதிராத மரங்களையும் சேர்த்து வெட்டி ஆற்றில் மிதக்கவிட்டார்கள். ஒரு தலைமுறைக்குள் அங்கே நல்ல தேக்கு அரிதாகிவிட்டது. 1852இல் பெகு கைப்பற்றப்பட்டபோது அதே கதி அந்த மலைக்காடுகளுக்கும் நேர்ந்துவிடக்கூடாது என்ற கவலை ஆட்சியாளர்களுக்கு வந்தது. ஜெர்மானியத் தாவரவியலாளர் டீட்ரிச் பிராண்டிஸ் 1856இல் அங்கே பொறுப்பேற்றது அந்தக் கவலையினால்தான். காட்டைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வோர் ஆண்டும் ஒரு பகுதியில் மட்டும், குறிப்பிட்ட சுற்றளவைத் தாண்டிய மரங்களை மட்டும் எடுக்கும் முறையை அவர் ஏற்படுத்தினார். பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது என்பதால், அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் வளையமாக வெட்டி, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று ஆண்டுகள் காயவிட்டு, பிறகு யானைகளைக் கொண்டு ஓடைக்கு இழுத்துச் சேர்ப்பார்கள். மழைக்காலத்து வெள்ளம் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

பிராண்டிஸின் ஏற்பாட்டைக் காட்டின்மேல் கொண்ட அன்பு என்று நான் எண்ணவில்லை. கப்பலுக்கும் ரயில் பாதைக்கும் மரம் தீர்ந்துவிடக்கூடாது என்பதே அதன் நோக்கம். ஆனாலும் நிற்கும் மரத்துக்கு நாளைய மதிப்பு ஒன்று உண்டு என்று கணக்கில் எழுதப்பட்டதால், தேக்கு நின்ற மலைகளில் காடு பெருமளவுக்குத் தப்பியது. அதே காலத்தில், அதே ஆட்சியின் கீழ், சற்றுத் தள்ளியிருந்த ஐராவதிக் கழிமுகத்துக் காடு பெருமளவுக்கு அழிந்தது. அங்கே நின்ற மரத்துக்கு அப்படிப் பெரிய மதிப்பு எதுவும் எழுதப்படவில்லை.

கழிமுகத்தின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1850களில் கீழ்ப் பர்மாவில் நெல் விளைந்த நிலம் 10 லட்சம் ஏக்கருக்கும் குறைவு. எஞ்சிய இடமெல்லாம் உயர்ந்த புல்லும், ஆற்றோரக் காடும், கடலை நெருங்க நெருங்க அலையாத்திக் காடுமாக இருந்தது. அந்தச் சதுப்பில் ஓங்கி நின்றது கனசோ மரம். வங்காளத்துச் சுந்தரவனத்தில் சுந்தரி என்று அழைக்கப்படும் அதே மரந்தான். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பியச் சந்தை நெருங்கி வந்தது. இந்தியாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் அரிசிக்குத் தேவை ஏறியது. 1930களுக்குள் நெல் நிலம் 80 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. சுமார் எண்பது ஆண்டுகளில் எட்டு மடங்குக்கும் மேல். உலகின் பெரிய வெப்பமண்டலக் காட்டழிப்புகளில் இதையும் ஒன்றாக வைத்துப் பேச வேண்டும் என்பது என் எண்ணம். இதைக் காட்டழிப்பு என்றே பலரும் நினைப்பதில்லை. நெல் வயலைப் பார்த்தால் யாருக்குமே அழிவு என்று தோன்றாது.

இந்த வேகத்துக்கு எது காரணம்? மேல் பர்மாவிலிருந்து இறங்கி வந்த ஏழைக் குடியானவர்கள் காட்டை வெட்டி, கோடையில் காயவிட்டு, தீ வைத்து, வேர்க்கட்டைகளுக்கு நடுவிலேயே முதல் நாற்றை ஊன்றினார்கள். மலேரியாவும் அட்டையும் முதலையும் அவர்களில் பலரைத் தின்றன. அவர்கள் அந்தத் துன்பத்தை ஏற்றதற்குச் சட்டம் ஒரு பரிசு வைத்திருந்தது. 1876ஆம் ஆண்டின் நில வருவாய்ச் சட்டப்படி, ஒரு நிலத்தைத் தொடர்ந்து 12 ஆண்டுகள் கைக்கொண்டு வரி செலுத்தியவருக்கு அதன்மேல் நிலையான உரிமை உண்டு. அதாவது, காடாக இருக்கும்வரை அது யாருக்கும் சொந்தமில்லை. வெட்டி வெளியாக்கினால் வெட்டியவருக்குச் சொந்தம். இப்படி ஒரு விதியை எழுதி வைத்துவிட்டு, குடியானவன் காட்டை ஏன் விட்டுவைக்கவில்லை என்று கேட்பது நியாயமாகாது.

வெட்டுவதற்கும் காளை வாங்குவதற்கும் அறுவடை வரை சோறு தின்பதற்கும் பணம் வேண்டுமே. அந்தப் பணத்தில் பெரும்பகுதி செட்டியார் கிட்டங்கிகளிலிருந்து, அதாவது அவர்களின் வட்டிக்கடைகளிலிருந்து, வந்தது. 1929-30இல் அமைக்கப்பட்ட மாகாண வங்கி விசாரணைக் குழு, பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன என்றும், அவற்றின் முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்றும் கணக்கிட்டது. அதில் பாதிக்கு மேல் உழவுக்குப் போன கடன். ஆங்கில வங்கிகள் குடியானவனின் முகத்தையே பார்க்காத காலத்தில், பியாப்பொன், போகலே போன்ற கழிமுகத்து ஊர்களில் பெட்டியடியில் அமர்ந்து, ஆள் யார், நிலம் எப்படி என்று விசாரித்துக் கொடுத்தவர்கள் அவர்கள். அறுவடைக்கும் ஆலைக்கும் ஆள் கொண்டுவந்தது மேஸ்திரிகளின் வேலை. அந்தக் கூட்டங்களில் தெலுங்கர்கள் மிகுதி, தமிழர்களும் உண்டு. நெல்லை வாங்கி ஏற்றுமதி செய்த பெரிய ஆலைகளோ ஸ்டீல் பிரதர்ஸ் போன்ற ஐரோப்பிய நிறுவனங்களின் கையில். அந்த அரிசியை உண்டவர்களில் மதராஸ் மாகாணத்து மக்களும் அடக்கம்.

இதைச் சொன்னால் நம்மவர்களில் சிலருக்குக் கோபம் வருகிறது. செட்டியார்கள் நிலத்துக்காகக் கடன் கொடுக்கவில்லை, வட்டிக்காகத்தான் கொடுத்தார்கள் என்பது உண்மை. 1930இல் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தபோது வாங்கியவர்கள் திருப்பித் தர முடியாமல் போய், வேண்டாத நிலம் அவர்கள் கையில் வந்து விழுந்தது. 1930இல் முக்கிய நெல் மாவட்டங்களின் நிலத்தில் 6 சதவீதமாக இருந்த அவர்கள் பங்கு 1938இல் 25 சதவீதமாயிற்று. அதன் பின்னர் வந்த வெறுப்பையும், 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது இந்தியாவுக்கு நடந்தே தப்பிய பயணத்தையும், நில தேசியமயத்தையும், 1960களில் வெறுங்கையோடு கப்பலேறியதையும் நம் குடும்பங்கள் மறக்கவில்லை. நாம் பட்ட துன்பத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, நாம் முதல் போட்ட காட்டழிப்பை மறந்துவிடுவது மட்டும் சரியாகப் படவில்லை. ஒரு சாதியின்மேல் பழி போட இதை எழுதவில்லை. கடன், சட்டம், தூரத்துச் சந்தை மூன்றும் சேர்ந்தால் காடு எவ்வளவு விரைவாகக் கரையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பிரேசிலில் மாட்டுப் பண்ணைக்கும் சோயாவுக்கும், இந்தோனேசியாவில் எண்ணெய்ப் பனைக்கும் காடு வெட்டப்படும் விதமும் ஏறக்குறைய இதுதான். இன்றைய உலகக் காட்டழிப்பில் கிட்டத்தட்ட 90 சதவீதம் வேளாண் விரிவாக்கத்தால் நேர்வது என்று ஐ.நா.வின் உணவு வேளாண் நிறுவனம் சொல்கிறது.

கழிமுகம் ஒரு வகையில் நம்மை ஏமாற்றிய இடம் என்றும் சொல்ல வேண்டும். அங்கே ஆறு ஆண்டுதோறும் வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகிறது. ஆகவே காடு போனாலும் நெல் விளைந்தது. மலைச்சரிவின் மழைக்காடு அப்படியில்லை. இடைவிடாத மழையும் வெப்பமும் மண்ணிலுள்ள சத்தைக் கரைத்துக் கொண்டுபோய்விடுகின்றன. எஞ்சிய சத்தெல்லாம் மரத்திலும் கொடியிலும் உதிர்ந்த இலையிலுமே இருக்கிறது. விழுந்த இலை மக்கி முடிவதற்குள் பூஞ்சை இழைகள் அதை மீண்டும் வேருக்கு எடுத்துச் சென்றுவிடும். மழைக்காட்டின் செழிப்பைப் பார்த்து மண்ணும் செழிப்பானது என்று நினைப்பது, தினமும் வருவதைத் தினமும் செலவிடும் வீட்டைப் பார்த்துப் பெட்டியில் பணம் இருக்கும் என்று நம்புவது போன்றது. மரத்தை எரித்தால் சாம்பலில் இரண்டு மூன்று விளைச்சல் நன்றாக வரும். அதற்குப் பிறகு மண் வெளுத்துவிடும்.

மலைவாழ் கரேன் மக்களுக்கு இது தெரியும். அதனால்தான் தௌங்யா முறையில் ஓரிரு ஆண்டு பயிரிட்டுவிட்டு நிலத்தைப் பல ஆண்டுகள் காடாக வளர விட்டார்கள். அவர்களைத்தான் நூறாண்டுகளுக்கும் மேலாகக் காட்டின் எதிரிகள் என்று எழுதி வருகிறார்கள். விடும் காலம் குறையும்போது அந்த முறையும் மண்ணைக் கெடுக்கிறது என்பது மெய்யே. விடும் காலம் ஏன் குறைகிறது என்பதைப் பார்க்க வேண்டாமா? 2012இல் வந்த காலி, தரிசு, கன்னி நில மேலாண்மைச் சட்டம், பயிரிடப்படாமல் விடப்பட்ட மலைநிலத்தைக் காலி நிலமாகக் கருதி நிறுவனங்களுக்குக் குத்தகைக்குக் கொடுக்க வழி வைத்திருக்கிறது. 1876இன் சிந்தனையேதான் இது. அன்று அதனால் பயன் பெற்றவன் ஏழைக் குடியானவன், இன்று நிறுவனம்.

தெற்கே தனிந்தாரியில் (பழைய தெனாசரிம்) நடந்தது இதற்குச் சான்று. முறையான பொருளில் மழைக்காடு என்று சொல்லத்தக்க பசுமைமாறாத தாழ்நிலக் காடு பர்மாவில் மிகுதியாக இருப்பது அந்த நீண்ட கரையில்தான். சமையல் எண்ணெயில் தன்னிறைவு காண வேண்டும் என்று 1999இல் அரசு அங்கே எண்ணெய்ப் பனைத் திட்டத்தைத் தொடங்கி, 2030க்குள் 5 லட்சம் ஏக்கர் என்று இலக்கு வைத்தது. எண்ணெய்ப் பனைக்கு ஆண்டு முழுதும் மழை வேண்டும்; தனிந்தாரியிலோ வறண்ட மாதங்கள் நீளம். ஒதுக்கிய நிலத்தில் நடப்பட்டது ஒரு பகுதிதான். நிறுவனங்கள் பல மரத்தை வெட்டி விற்றதோடு நிறுத்திக்கொண்டன. பனை என்பது பெயருக்கு, மரம் என்பது வருமானத்துக்கு. கர்னி பிட்டா என்ற வண்ணப் பறவை 1914க்குப் பிறகு பர்மாவில் காணப்படாமலிருந்து, 2003இல் அந்தத் தாழ்நிலக் காட்டில்தான் மீண்டும் கண்டறியப்பட்டது. அது கூடு கட்டும் சமதளக் காடுதான் பனைக்கும் ஏற்ற இடம் என்பது அதன் துரதிருஷ்டம்.

தடை போட்டால் தீராதா என்று கேட்பவர்கள் அண்டை நாடுகளின் அனுபவத்தைப் பார்க்க வேண்டும். 1988 நவம்பரில் தெற்குத் தாய்லாந்தில் மொட்டையான மலைகள் சரிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அடுத்த ஜனவரியிலேயே அந்த அரசு இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதை நிறுத்தியது. அதே ஆண்டில் பர்மிய எல்லைக் காடுகளில் தாய்லாந்து நிறுவனங்களுக்கு உரிமங்கள் கிடைத்தன. 1998இல் யாங்சி ஆற்றில் பெருவெள்ளம் வந்தபின் சீனாவும் தன் காடுகளைப் பூட்டியது. கச்சின் மலைகளிலிருந்து சீனாவின் யுன்னானுக்குப் போகும் லாரிகளின் வரிசை நீண்டது. தத்தம் மலையைக் காப்பாற்ற இரு நாடுகளும் எடுத்த சரியான முடிவு, எங்கள் மலையை மொட்டையடித்தது. உணவு வேளாண் நிறுவனத்தின் 2015 மதிப்பீட்டின்படி, 2010க்கும் 2015க்கும் இடையில் ஆண்டுக்கு 5,46,000 ஹெக்டேர் காட்டை இழந்து, பிரேசில், இந்தோனேசியா ஆகியவற்றுக்கு அடுத்த மூன்றாம் இடத்தில் மியன்மார் நின்றது. 2014 ஏப்ரல் முதல் நாளிலிருந்து உருட்டு மரம் ஏற்றுமதிக்குத் தடை. 2016இல் பெகு யோமா மலைத்தொடரில் பத்தாண்டுக்கு வெட்டே கூடாது என்ற ஆணை. இரண்டுமே நல்லவை. சண்டை நடக்கும் மலைகளில் ஆணை செல்லுபடியாவதில்லை. ஆயுதம் வைத்திருப்பவர் எந்தப் பக்கத்தவராக இருந்தாலும் மரம் அவருக்குக் கையிருப்புப் பணம்.

விளைவுகளைப் பற்றி எழுதும்போது கரியமில வாயு, புவி வெப்பம் என்று தொடங்குவது முறை. அவை பொய்யல்ல, வெட்டி எரித்த காடு தன் உடலில் சேர்த்து வைத்திருந்த கரியை வானத்துக்குத் திருப்பி அனுப்புகிறது, மரங்கள் இலைவழி விடும் ஈரம் குறைவதால் உள்நாட்டு மழையும் குறைகிறது. ஆனால் எங்கள் ஊர்களில் விளைவு என்றால் முதலில் நினைவுக்கு வருவது 2008 மே 2, 3 தேதிகளில் வந்த நர்கிஸ் புயல். 84,537 பேர் இறந்தார்கள்; 53,836 பேர் காணாமற்போனார்கள். மிகப் பெரும்பாலானோரைக் கொன்றது காற்று அல்ல, கடல்நீர். ஆளுயரத்தை இரண்டு மடங்கு தாண்டிய அலை, தட்டையான வயல்வெளியில் தடுப்பாரின்றி மைல் கணக்கில் உள்ளே ஓடியது. நெல்லுக்காகத் திருத்தப்பட்டது போக மிஞ்சிய அலையாத்திக் காடும் அதற்குள் விறகாகவும் கரியாகவும் இறால் பண்ணையாகவும் சுருங்கிவிட்டிருந்தது. செயற்கைக்கோள் படங்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு, 1978இல் 2,623 சதுர கிலோமீட்டராக இருந்தது 2011இல் 938ஆகக் குறைந்ததைக் காட்டியது. காடு இருந்திருந்தால் யாருமே செத்திருக்கமாட்டார்கள் என்று நான் சொல்லத் துணியமாட்டேன். அவ்வளவு பெரிய அலையை எந்த மரமும் முழுதாக நிறுத்திவிடாது. ஆனால் அடர்ந்த வேர்களுக்கு நடுவில் நுழையும் நீர் தன் வேகத்தை இழக்கும். தண்ணீரில் அடித்துப் போகிறவனுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கிளையாவது கிடைக்கும். கிளையைப் பற்றி இரவைக் கழித்துப் பிழைத்தவர்கள் கழிமுகத்து ஊர்களில் இருக்கிறார்கள்.

மோல்மீன் இருக்கும் மோன் மாநிலத்தில் எங்களுக்கு வந்தது வேறுவிதம். 2019 ஆகஸ்ட் 9ஆம் நாள், மோல்மீனுக்கு வடக்கே பாவுங் வட்டாரத்தில் மலைச்சரிவு இறங்கி, அடியிலிருந்த கிராமத்தில் 70க்கும் மேற்பட்டோரைப் புதைத்தது. காரணம் அளவு கடந்த மழை. சரிவில் காடு எவ்வளவு மிஞ்சியிருந்தது, கல் எவ்வளவு உடைக்கப்பட்டது என்ற பேச்சும் உடனே எழுந்தது. அந்தப் பேச்சு அடுத்த மழைக்காலத்துக்குள் அடங்கியும் போனது. எங்கள் மாநிலத்து மலையடிவாரங்களில் ரப்பர் தோட்டங்கள் ஏராளம். பால் வெட்டுவதில் நம் ஆட்களும் உண்டு. ரப்பர் தோட்டம் தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் காடு போலத்தான் தெரியும். ஒரே வயதுள்ள ஒரே மரம், அடியில் சுத்தமாகக் களையெடுத்த தரை, ஒரே ஆழத்தில் வேர் என்றிருக்கும் இடம் மழையைக் காட்டைப் போல வாங்கிக்கொள்ளாது. கணக்கெடுப்புகளில் தோட்டத்தையும் காட்டையும் ஒரே நிறத்தில் தீட்டுவதை நிறுத்தினாலே பாதி உண்மை வெளியே வந்துவிடும்.

வறுமையையும் சொல்லாமல் விட முடியாது. மின்சாரம் வருவதும் போவதுமாக இருக்கும் இன்றைய நிலையில், நகரத்து வீடுகளிலும் கரியடுப்பு திரும்பி வந்துவிட்டது. கரி மூட்டை கழிமுகத்திலிருந்தும் மலையிலிருந்தும்தான் வருகிறது. கரி சுடுபவனிடம் போய்ப் பல்லுயிர் வளம் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. அவனுக்குக் கிடைக்கும் கூலியும், வாங்குபவனுக்கு மின்சாரமோ எரிவாயுவோ கிடைக்காததும்தான் அந்த அடுப்பை எரிக்கின்றன.

தமிழ்நாட்டில் இருந்து இதை வாசிப்பவர்கள், இதெல்லாம் தாத்தா காலத்துக் கதை என்று ஒதுக்க வேண்டாம். இட்லிக்கு அரைக்கும் உளுந்தில் இந்தியா இறக்குமதி செய்வதில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து போகிறது. நெல் அறுத்த பிறகு, ஈரம் காயாத வயலில், பெகுப் பக்கத்திலும் ஐராவதிக் கழிமுகத்திலும் விதைக்கும் பயிர் அது. கனசோ நின்ற மண்ணில் விளைந்த உளுந்தும் அதில் கலந்திருக்கும். உளுந்து வாங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. வாங்கவில்லையென்றால் குடியானவன் கடனில் இன்னும் ஆழமாகப் போவான். விலையில் ஒரு பகுதியாவது ஆற்றோரத்தில் ஒரு கீற்றளவு காட்டை விட்டுவைத்தவனுக்குத் திரும்பி வரும்படி வாணிகத்தை அமைக்க முடியும் என்றுதான் சொல்கிறேன். பிராண்டிஸ் தேக்குக்குச் செய்த கணக்கு அதுவே. மற்ற மரங்களுக்கு அது அந்த அளவுக்கு நடக்கவில்லை.

பியாப்பொன் பக்கம் நெல் பயிரிடும் என் உறவினர் ஒருவரிடம், ஓடைக்கரையில் அரை ஏக்கர் விட்டுவைத்தால் என்ன மாமா என்று கேட்டேன். “அரை ஏக்கரில் எத்தனை கூடை நெல் வரும் தெரியுமா தம்பி, அந்தக் கூடையை யார் தருவார்கள்?” என்று திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அதே ஓடையின் மறுகரையில் ‘தனி’ என்று பர்மியர் சொல்லும் நிப்பா ஓலை மரங்களை வெட்டாமல் விட்ட குடும்பங்கள் இருக்கின்றன. ஓலையை வெட்டித் தைத்துக் கூரைக்கு விற்கிறார்கள்; வெட்டிய இடத்தில் மறுபடி துளிர்க்கிறது; வேர் கரையைப் பிடித்து நிற்கிறது; நண்டும் மீனும் அடியில் சேர்கின்றன. அவர்களிடம் யாரும் போய்ச் சுற்றுச்சூழல் பற்றிப் பேசவில்லை. ஓலைக்கு வாங்குபவர் இருந்தார், அதனால் மரம் நிற்கிறது. அடுத்த தடவை போகும்போது மாமாவை மறுகரைக்குப் படகில் கூட்டிப்போய், ஓலைக்கட்டு என்ன விலைக்குப் போகிறது என்று அவர்களிடமே கேட்கச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.